கடல் கடக்கும் கல்விப் பத்திரம்

தேயிலை மூட்டையின்மீது பொறிக்கப்படும் எழுத்துக்களை நம் மலையகத்துச் சிறுவர்கள் நன்கறிவர். பி.ஓ.பி. என்பார்கள், ஓ.பி. என்பார்கள், டஸ்ட் என்பார்கள். தூர தேசத்திலே அத்தேயிலையை வாங்கும் ஒருவர், இவ்வெழுத்துக்கள் யாவும் தரத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவன என்று எண்ணிக்கொள்ளக் கூடும். உண்மையோ வேறு. அவை முதன்மையாக இலையின் பருமனையே குறிக்கின்றன. சல்லடையின் எந்தக் கண்ணிலே நின்றது, எதன் வழியே கீழே விழுந்தது என்பதைச் சொல்லுகின்றனவேயன்றி, சாயமும் மணமும் எத்தகையன என்பதைச் சொல்லுவதில்லை. அதனை அறிவதற்குச் சுவைத்துப் பார்ப்போர் என்று ஒரு வர்க்கத்தார் இருக்கின்றனர். எந்த மலையில் விளைந்தது, எந்த மாதத்தில் கொய்தது, காற்று எப்படி அடித்தது என்பனவெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கொழும்பிலே 1883 ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஏலம் இன்றளவும் நடைபெறுவது அவர்களுடைய நாவை நம்பித்தான்.

பாடசாலைப் பத்திரத்தின் கதையும் இதுவேயாகும். நம் பிள்ளையின் பத்திரத்திலுள்ள 'ஏ', 'பி', 'சி', 'எஸ்' என்னும் எழுத்துக்கள் இலங்கையிலே எல்லோருக்கும் விளங்கும். கடல் கடந்து சென்றதும் அவை வெறும் எழுத்துக்களாகி விடுகின்றன. அவற்றைப் படித்துப் பொருள் சொல்ல ஒருவர் வேண்டும். வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவருடைய பத்திரத்தை யார் படிக்கிறார், எவ்வாறு படிக்கிறார், எதைக் கண்டு மதிக்கிறார் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

இது நகரத்துச் செல்வர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளி முதலாய ஊவாத் தோட்டங்களிலே, குடும்பத்தில் முதன்முதலாக உயர்தரப் பரீட்சையில் தேறிய பிள்ளை இன்று பல லயங்களில் இருக்கின்றது. அப்பிள்ளையை மேலும் படிக்கவைக்க வேண்டுமென்று தாய் சீட்டுப் பிடிக்கிறாள். தந்தை ஊழியர் சேமலாப நிதியை எண்ணிப் பார்க்கிறார். தாலிக்கொடிகூட அடகுக் கடைக்குப் போவதுண்டு. அப்பணம் சரியான வாசலில் செலவாகிறதா, தவறான வாசலில் கரைந்து போகிறதா என்பது பத்திரத்தைப் பற்றிய தெளிவைப் பொறுத்தது.

அந்நியர் வைத்த பரீட்சை

ஒரு காலத்தில் இந்த மதிப்பீடு என்னும் பேச்சே இலங்கையில் எழவில்லை. ஏனெனில் பரீட்சையே அந்நியருடையதாக இருந்தது. 1880 ஆம் ஆண்டு முதல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இங்கே நடைபெற்றன. இலண்டன் பல்கலைக்கழகத்தின் பிரவேசப் பரீட்சைக்கும் நம் மாணவர் தோற்றினர். 1921 இல் கொழும்பிலே அமைந்த பல்கலைக்கழகக் கல்லூரியும், இலண்டன் பட்டங்களுக்கே மாணவரைப் பயிற்றியது. இலங்கைக்கெனத் தனியான பல்கலைக்கழகம் 1942 இலேதான் தோன்றிற்று. வினாத்தாளும் அங்கிருந்து வந்தது. விடைத்தாளும் அங்கே சென்றது. ஆகவே பத்திரத்தைக் கண்ட இங்கிலாந்து அதிகாரிக்கு ஐயம் எழ இடமேது?

பின்னர் நமது பரீட்சை நமது மொழிகளுக்கு வந்தது. தமிழிலே கணிதமும் விஞ்ஞானமும் சரித்திரமும் படித்துப் பரீட்சை எழுதும் உரிமை நமக்குக் கிடைத்தது. தோட்டப் பிள்ளைக்கு அது பெரியதொரு வாயில். அந்த உரிமையோடு ஒரு கடமையும் வந்து சேர்ந்தது: நம்முடைய பத்திரம் இன்னதென்று பிறர்க்கு நாமே விளக்க வேண்டியதாயிற்று. சொந்த நாணயத்தை அச்சிடும் நாடு, அதன் மாற்று வீதத்தையும் கவனிக்கத்தானே வேண்டும்?

இடையிடையே பரீட்சைகளின் பெயரும் மாறியுள்ளது. 1970களின் நடுப்பகுதியிலே பழைய சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாக வேறொரு தேசியப் பரீட்சை சில ஆண்டுகள் நடைபெற்றுப் பின்னர் கைவிடப்பட்டது. அக்காலத்துப் பத்திரமொன்று பெட்டியின் அடியில் இருக்குமானால், அதனைப் படிக்கும் வெளிநாட்டு அதிகாரி அந்த ஆண்டின் வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும். எனவேதான் மதிப்பிடும் நிலையங்கள் ஒவ்வொரு நாட்டின் கல்வி முறையையும் ஆண்டுவாரியாகக் குறித்து வைக்கின்றன.

கப்பலேறிய பிள்ளைகள்

பத்திரம் கடல் கடந்தால் என்னவாகும் என்பதை நம் மலைநாட்டார் மேற்படிப்பு விஷயத்தில் அறிந்ததற்கு முன்னரே, வேறொரு துயரத்தில் அறிந்துகொண்டனர். 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974 இல் உடன்பாடு காணப்பட்டது. ஊவாத் தோட்டங்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள், பதுளையிலும் பண்டாரவளையிலும் ரயிலேறித் தலைமன்னாரை அடைந்தன. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சென்று, மண்டபம் முகாமிலே தங்கின. பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் குடியேறினர்.

அக்குடும்பங்களின் பெட்டிகளிலே பிள்ளைகளின் பாடசாலைப் பத்திரங்களும் சென்றன. இங்கே வகுப்பின் எண்ணிக்கை ஒன்று, அங்கே வேறு. இங்கே சாதாரண தரம், அங்கே எஸ்.எஸ்.எல்.சி. தமிழ்நாட்டில் அப்போது பதினோராண்டுப் பள்ளிப் படிப்பும், அதன் பின்னர் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் இருந்தன. 1978 இலேதான் பள்ளிகளில் மேனிலைப் படிப்பு வந்தது. எனவே இலங்கையிலிருந்து வந்த பிள்ளையை எந்த வகுப்பில் அமர்த்துவது, அதன் பரீட்சை எதற்கு நிகர் என்னும் கேள்வி அங்கே எழுந்தது. மொழி ஒன்று, பண்பாடு ஒன்று, பாட்டன் பிறந்த ஊரும் அதுவே. ஆயினும் பத்திரத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதாயிற்று! ஒரு தாளின் மதிப்பு அதன் மொழியில் மாத்திரம் இல்லை. அது எந்தக் கல்வி முறைக்குள் பிறந்தது என்பதில் இருக்கிறது. இன்றைக்கும் மதிப்பீட்டின் அடிப்படை இதுதான்.

நான்கு கேள்விகள்

எந்த நாட்டிலாயினும், பத்திரத்தை மதிப்பிடுவோர் பெரும்பாலும் நான்கு கேள்விகளைக் கேட்கின்றனர்.

முதலாவது, இதனை வழங்கியவர் யார்? அரசாங்கம் அங்கீகரித்த நிலையமா? க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பத்திரங்களை வழங்குவது இலங்கைப் பரீட்சைத் திணைக்களம். ஆகவே இங்கே ஐயம் இல்லை. பட்டினத்திலே ஒரு மாடிக் கட்டடத்தில் ஆறு மாத வகுப்பு நடத்தி, பொன்னெழுத்திலே 'டிப்ளோமா' என்று அச்சிட்டுக் கொடுக்கும் நிலையத்தின் தாளுக்கு அந்தத் தகுதி தானாக வந்துவிடாது. தொழிற்கல்வியானால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்நிலையம் பதிவு பெற்றுள்ளதா, அந்தப் பாடநெறி தேசியத் தொழிற் தகைமையின் எந்த மட்டத்தைச் சேர்ந்தது என்பவற்றைச் சேருமுன்னரே விசாரித்தல் நன்று.

இரண்டாவது, இது எத்தனை ஆண்டுப் படிப்பின் முடிவு? நமது உயர்தரம் பதின்மூன்றாம் வகுப்பின் இறுதியில் வருவது. இந்தியாவில் பள்ளிக் கல்வி பன்னிரண்டு ஆண்டு, அமெரிக்காவிலும் பன்னிரண்டே. எனவே ஆண்டுக் கணக்கிலே நம் பிள்ளைகள் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர். ஆனால் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டவர் பதினோராண்டு முடித்தவராகவே கருதப்படுவார். அந்தப் பத்திரத்தைக் கொண்டு நேரே பல்கலைக்கழகம் புகலாம் என்று எவரேனும் ஆசை காட்டினால், சற்று நின்று யோசிக்க வேண்டும். 2012 இல் வெளியான இலங்கைத் தகைமைச் சட்டகம் பன்னிரண்டு மட்டங்களைக் கொண்டது. அதிலே சாதாரண தரம் முதல் மட்டத்திலும், உயர்தரம் இரண்டாம் மட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. நம் ஏணியின் எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்பதை வெளியார்க்குச் சொல்லும் அளவுகோல் அது.

மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. இப்பத்திரம் அதன் சொந்த நாட்டில் எந்த வாசலைத் திறக்கின்றது? உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமையை அது அளிக்குமாயின், தம் நாட்டிலும் அவ்வாறே அளிக்கலாம் என்று அவர்கள் எண்ணுகின்றனர். உள்ளூரில் திறக்காத வாசலை அந்நிய நாட்டில் திறக்கச் செய்வது அரிது.

நான்காவது, எந்தப் பாடங்கள், எத்தகைய சித்திகள்? பொறியியல் படிக்க விரும்புவோர் உயர்தரத்திலே இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கற்றிருக்கின்றனரா என்று பார்க்கின்றனர். கலைப் பிரிவிலே மூன்று 'ஏ' எடுத்த மாணவியும் அந்த வாயிலில் நுழைதல் கடினம். அவள் அறிவிற் குறைந்தவள் என்பதனால் அன்று. அடித்தளம் வேறு என்பதனால்.

தோற்றவர் யார்?

மூன்றாவது கேள்வியிலே நம் பெற்றோர்க்கு ஆறுதலான செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது.

இலங்கை அரச பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதற்கு உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது 'எஸ்' சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் வேண்டும். இது தகுதி. ஆனால் இடங்களோ மிகச் சில. ஆகவே 2001 முதல் இசட் புள்ளி என்னும் கணக்கின்படி வரிசைப்படுத்தி, திறமை அடிப்படையில் ஒரு பங்கும், மாவட்ட அடிப்படையில் ஒரு பங்குமாகத் தெரிவு நடைபெறுகின்றது. கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனத் தனிப் பங்கும் உண்டு. பதுளையும் மொனராகலையும் அவற்றுள் அடங்குவன. இது தெரிவு. தகுதி பெற்றும் தெரிவு பெறாதவர் ஆண்டுதோறும் பல்லாயிரவர்.

தெரிவு கிட்டாத பிள்ளையை நாம் என்ன சொல்லுகின்றோம்? 'கெம்பஸ் கிடைக்கவில்லை, தோற்றுவிட்டான்' என்கிறோம். அயலார் சொல்வதற்கு முன்னே வீட்டாரே சொல்லிவிடுகிறோம். அப்பிள்ளையும் தலை கவிழ்ந்து, கொழும்பிலே கடைச் சிப்பந்தி வேலைக்குப் புறப்பட்டு விடுகின்றது. வெளிநாட்டு மதிப்பீட்டாளரோ தெரிவைப் பார்ப்பதில்லை, தகுதியைப் பார்க்கிறார். மூன்று பாடங்களிலும் சித்தியடைந்து, தன் நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமை பெற்ற ஒரு மாணவராகவே நம் பிள்ளையை அவர் காண்கிறார். இடம் இல்லாமை நாட்டின் குறை. அது பிள்ளையின் பத்திரத்தில் எழுதப்படவில்லை.

இதனால் மூன்று 'எஸ்' பெற்றவர்க்கெல்லாம் உலகம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று எண்ணிவிடலாகாது. தகுதி என்பது வாசல்வரை கொண்டு செல்வது. உள்ளே எத்தனை புள்ளி வேண்டும் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே வகுத்துக்கொள்கிறது. நல்ல பாடநெறிகள் நல்ல சித்திகளையே கேட்கின்றன.

எழுத்தும் எண்ணும்

பெற்றோர் பலர் செய்யும் ஒரு காரியம், நம் புள்ளிகளை அயல்நாட்டுப் புள்ளிகளோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது. தமிழ்நாட்டில் உறவினர் பிள்ளை மேனிலைப் பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தது என்று கடிதம் வந்தால், நம் பிள்ளையின் 'பி' சித்தி சிறுத்துத் தோன்றுகிறது. இது பொருந்தாத ஒப்பீடு. நமது உயர்தரத்தில் 75 புள்ளிக்கு மேல் 'ஏ'. 65 முதல் 'பி'. 55 முதல் 'சி'. 35 முதல் 'எஸ்'. வேறொரு பரீட்சையிலே 75 என்பது சாதாரணமாக இருக்கலாம். வினாத்தாளின் கடினம் வேறு. திருத்தும் முறை வேறு. சித்தியின் எல்லையும் வேறு. படியால் அளந்ததையும் இறாத்தலால் நிறுத்ததையும் எண்ணிக்கையை மாத்திரம் கொண்டு ஒப்பிடலாமா?

மதிப்பிடுவோர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். ஜெர்மனியில் வழங்கும் பவேரிய சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே மிகச் சிறந்த புள்ளி 1. சித்தியின் கடைசி எல்லை 4. ஒரு பரீட்சையின் மிக உயர்ந்த புள்ளியிலிருந்து மாணவர் பெற்றதைக் கழிக்க வேண்டும். அதனை, மிக உயர்ந்த புள்ளிக்கும் சித்திப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3 ஆற் பெருக்கி, 1 ஐக் கூட்டினால் ஜெர்மன் புள்ளி கிடைக்கும்.

மாணவ நேயர்கள் தாளும் பென்சிலும் எடுத்துப் பார்க்கலாம். நூற்றுக்கு 75 எடுத்த இருவரைக் கொள்வோம். ஒருவரின் பரீட்சையில் சித்திப் புள்ளி 50. அவருக்குக் கிடைப்பது 2.5. மற்றவரின் பரீட்சையில் சித்திப் புள்ளி 35. அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 2.2. ஜெர்மன் கணக்கிலே சிறிய எண்ணே மேலானது. எழுபத்தைந்து ஒன்றே, ஆனால் அதன் பெறுமதி இரண்டு! நம் பத்திரத்தில் எழுத்துக்கள் மாத்திரமே இருப்பதால் உண்மையான கணக்கு இன்னும் சற்று வேறுபடும். கணக்கின் போக்கைக் காட்டவே இதனைச் சொன்னோம். சித்தியின் எல்லையை அறியாமல் புள்ளியின் பெறுமதியை அறிய முடியாது என்பது இதனால் விளங்கும். ஆகையால் நம் புள்ளிகளை நாமே அயல்நாட்டு முறைக்கு மாற்றி விண்ணப்பத்தில் எழுதுதல் கூடாது. பத்திரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, மாற்றும் வேலையை உரியவரிடம் விட்டுவிடுவதே முறை.

தேசத்துக்குத் தேசம்

இந்த மாற்றும் வேலையைச் செய்பவர் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றனர்.

இந்தியாவில் நெடுங்காலமாக இதனைச் செய்து வந்தது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925 இல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வாரியமாகத் தோன்றிய பழம்பெரும் நிலையம் அது. 2025 இல் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவும் வெளிநாட்டுத் தகைமைகளுக்கெனப் புதிய விதிகளை வெளியிட்டது. ஆகவே நிகர்மதிப்புப் பத்திரத்தை எந்த நிலையத்திடம் பெறவேண்டும் என்பதைச் சேரப்போகும் கல்லூரியிடமே அந்தந்த ஆண்டில் கேட்டறிதல் உத்தமம். இந்தியாவிற் படிக்க விரும்பும் இலங்கை மாணவர்க்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில் போன்ற உதவிகள் உண்டு. இந்தியா செல்லாமல் உள்ளூரிலேயே உயர்தரமும் பல்கலைக்கழகமும் பயிலும் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென 1947 முதல் ஒரு கல்வி நிதியம் இயங்கி வருகின்றது. இவற்றின் விவரங்களைக் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் வெளியிடுகின்றது.

இங்கிலாந்தில் இதற்கெனத் தேசிய நிலையம் ஒன்றுண்டு. நாரிக் என்று வழங்கிய அதன் பெயர் 2021 இல் ஈனிக் என்று மாறியது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் நமது உயர்தரத்தை நேரடியாகவே அறிந்து, தமக்கு வேண்டிய சித்திகளை அறிவித்து விடுகின்றன. ஜெர்மனியில் ஒவ்வொரு நாட்டின் பத்திரங்களையும் வகைப்படுத்திய பெரும் பதிவேடு இருக்கின்றது. அதன்படி நேரே பல்கலைக்கழகம் புகத் தகுதி போதாதென்று காணப்பட்டவர், ஏறக்குறைய ஓராண்டு ஆயத்த வகுப்பிலே பயின்று, அதன் பரீட்சையில் தேறிப் பின்னர் சேரலாம். பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் அங்கே போதனைக் கட்டணம் இல்லை. ஆயினும் வாழ்க்கைச் செலவுக்கான தொகை கையிலிருப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். அமெரிக்காவிலோ இதற்கென அரசாங்க நிலையம் இல்லை. கல்லூரிகள் தாமே மதிப்பிடுகின்றன. அல்லது தனியார் நிலையங்களின் அறிக்கையைக் கேட்கின்றன. 1974 இல் தொடங்கிய வேர்ல்ட் எடியுகேஷன் சேர்விசஸ் அத்தகைய ஒன்று. எந்த நிலையத்தின் அறிக்கையை ஏற்பது என்பது கல்லூரியின் விருப்பம். முதலிற் கல்லூரியைக் கேட்காமல் ஏதோ ஒரு நிலையத்துக்குப் பணம் கட்டினால், அந்த அறிக்கை பயனற்றுப் போவதுண்டு.

நாடுகள் தத்தம் விருப்பப்படி நடவாதிருக்க உடன்படிக்கைகளும் தோன்றியுள்ளன. 1997 இல் லிஸ்பன் நகரிலே ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை ஓர் அரிய நியதியை வகுத்தது: பத்திரம் தகுதியுடையதென்று மாணவர் வாதாட வேண்டியதில்லை, பெரிய வேற்றுமை உண்டென்று காட்டும் பொறுப்பு மறுப்பவரையே சாரும். யுத்தத்தினாலோ இடப்பெயர்வினாலோ பத்திரத்தை இழந்த அகதிகளின் கல்வியையும் நியாயமான முறையில் ஆராய வேண்டுமென்று அது கூறுகின்றது. உலக முழுமைக்குமான உடன்படிக்கை ஒன்றை 2019 இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. 2023 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்ததைக் கண்ட நமக்கு, இந்த விதிகளின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பெயர் ஒன்றாயிருக்கட்டும்

இனி, வீட்டிலே செய்யவேண்டிய காரியத்துக்கு வருவோம்.

மதிப்பீடு தடைப்படுவதற்குப் புள்ளிகள் மாத்திரம் காரணமல்ல, பெயரும் காரணமாகிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'சிவகாமி' என்றிருக்கும். பாடசாலை இடாப்பிலே 'சிவகாமியம்மா' என்று ஏறியிருக்கும். அடையாள அட்டையிலே தந்தையின் பெயர் முன்னால் வரும். கடவுச்சீட்டிலே பின்னால் வரும். நமக்கு எல்லாம் ஒரே பிள்ளைதான். வெளிநாட்டு அதிகாரிக்கோ அவர்கள் மூன்று பேர்! தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைக்கும் நம் வழக்கம் அவருக்குப் புதிது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரெழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் கேள்வி பிறக்கும்.

மலையகத் தமிழருக்குப் பத்திரம் என்பது வெறும் தாள் அன்று. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் முன்னே, தந்தையும் பாட்டனும் இந்நாட்டிற் பிறந்ததற்கு அத்தாட்சி காட்ட இயலாமையாலும் எத்தனையோ குடும்பங்கள் நாடற்றவை ஆயின. அந்தக் கணக்கு முடிவதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகையால் பிள்ளையின் பெயரை ஒழுங்காகப் பதிவதில் நம்மைவிட வேறெவர் கவனமாயிருக்க வேண்டும்?

பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன்னரே, பிறப்புப் பத்திரத்தையும் பாடசாலை இடாப்பையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே அதிபரிடமும் பிரதேச செயலகத்திலும் சொல்லித் திருத்துங்கள். விசாவுக்குக் காத்திருக்கும் வாரத்தில் திருத்தப் புறப்படுவது, மழை வந்தபின் கூரை வேய்வது போலாகும்.

பரீட்சைப் பத்திரத்தை ஆங்கிலத்திலும் பரீட்சைத் திணைக்களத்திடம் பெறலாம். பத்திரம் தொலைந்தாலும் எரிந்தாலும் ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்தால் மறுபடி பெறுதல் கூடும். ஆதலின் சுட்டெண்ணை வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஏனைய தமிழ், சிங்களப் பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்க்க வேண்டும். வெளிநாடு கேட்குமாயின், வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவிலே அத்தாட்சிப்படுத்திக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு அளவானது.

தரகரிடம் எச்சரிக்கை

செலவு எங்கே அளவு மீறுகிறது? தரகரிடத்தில். எல்லாத் தரகரும் தீயவர் அல்லர். விண்ணப்பம் நிரப்பவும் வழிகாட்டவும் உதவும் நேர்மையாளரும் உளர். ஆனால் 'பத்திரம் குறைவாயிருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருவர் சொல்வாராயின், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். குறையுள்ள பத்திரத்தை நேர்வழியில் நிறைவாக்கும் வல்லமை எந்தத் தரகருக்கும் கிடையாது. எஞ்சியிருப்பது கள்ள வழியே. மதிப்பிடும் நிலையங்கள் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திடமே நேராகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள முடியும். பொய்ப் பத்திரம் பிடிபட்டால் அந்த விண்ணப்பம் மாத்திரம் அழிவதில்லை. பின்னர் உண்மையைக் கொண்டு சென்றாலும் நம்புவார் இல்லை.

மூலப்பத்திரத்தை எவர் கையிலும் ஒப்படைக்க வேண்டாம். உறுதிப்படுத்திய பிரதி போதுமா என்று கேளுங்கள். பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளை எழுத்திலே கேட்டுப் பதில் பெறுங்கள்: சேரப்போகும் நிலையம் அந்நாட்டு அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றதா? என் பிள்ளையின் பத்திரத்தை அது எந்த மட்டத்தில் ஏற்கிறது? படித்து முடித்துப் பெறும் பட்டத்தை இலங்கை ஏற்குமா? மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்து விடுகின்றனர். போகும்போது நம் பத்திரத்தை அவர்கள் படிப்பது போல, திரும்பி வரும்போது அவர்கள் பத்திரத்தை நாமும் படிக்க வேண்டியிருக்கிறதல்லவா?

வீட்டில் ஏறும் பெறுமதி

நம் கல்விப் பத்திரத்தின் பெறுமதி விமான நிலையத்திலே தீர்மானிக்கப்படுவதன்று. அது பதுளையிலும் பசறையிலும் ஸ்பிரிங்வெளியிலும், வகுப்பறையிலே தீர்மானிக்கப்படுகின்றது. சாதாரண தரத்தில் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் கைவிடாதிருத்தல். உயர்தரத்தை இடையில் நிறுத்தாது முடித்தல். விரும்பும் தொழிலுக்கேற்ற பாடங்களைப் பத்தாம் வகுப்பிலேயே ஆலோசித்தல். பெயரும் திகதியும் பிசகாது காத்தல். இவை செய்த பிள்ளையின் தாளை எந்த நாட்டவரும் மரியாதையோடு வாசிப்பர். இவை செய்யாத தாளுக்கு எத்தனை முத்திரை குத்தினும் பயனில்லை.

தோட்டங்களிலே விஞ்ஞான ஆசிரியர் போதாமையால், பிள்ளைகள் விரும்பிய பாடத்தை எடுக்க முடியாது போகின்ற குறை இன்னும் நீங்கவில்லை. மதிப்பீட்டாளரின் நான்காவது கேள்விக்கு நம் பிள்ளைகள் பதிலின்றி நிற்பது அக்குறையினாலேயே. அதனைத் தீர்க்குமாறு பெற்றோர் சங்கங்களிலும் கோயிற் கூட்டங்களிலும் தொழிற்சங்க மேடைகளிலும் இடைவிடாது கேட்பது நம் கடமை. வெளிநாடு செல்லும் ஒரு பிள்ளைக்கு உதவுவதைக் காட்டிலும், உயர்தர விஞ்ஞான வகுப்பொன்றை ஊரிலே கொணர்வது நூறு பிள்ளைகளுக்கு வாசல் திறப்பதாகும்.

உயர்தரப் பெறுபேறு இம்முறை வரும்பொழுது, தகுதி வேறு, தெரிவு வேறு என்பதை நினைவில் வைத்துப் பிள்ளையின் தாளைக் கையில் எடுங்கள். நிதானமாகப் படியுங்கள். பின்னர் பிள்ளையை அருகிலழைத்து, இத்தாள் எந்தெந்த வாசலைத் திறக்கும் என்று இருவருமாகப் பட்டியலிடுங்கள்.